பிடித்தம்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு
இரண்டு பக்கம் கேட்டார்கள்:
இந்தக் கரையில் கால்பந்து எப்படித் தொடங்கியது?
கோப்பையின் படம் ஒன்றும் வேண்டுமாம்.

நான் ஜுபைலில் கணக்கு எழுதுகிறவன்.
பந்தை உதைத்தது பள்ளியோடு சரி,
அதுவும் பந்து வராத பக்கமாய்ப் பார்த்து நின்று.
ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.
வெள்ளிக்கிழமை மதியங்கள்
இங்கே மிக நீளம்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்
வாட்ஸப்பில் அனுப்பினார்,
டைம் கீப்பராய் இருந்த தன் அப்பா
டிரங்குப் பெட்டியில் விட்டுப்போனதை.
ராஸ் தனூரா, எண்ணெய் ஆலை,
ஐம்பத்திரண்டாம் வருஷம்.
ஓவர்டைம் பதிவேட்டில் ஆறே பக்கம்,
ஒன்றில் தேநீர்க் கறை.

ஓரத்தில் பென்சில் கோடுகள்.
சிமெண்ட் மூட்டைக் கணக்கென்று நினைத்தேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
எதிர்ப்பக்கம் மூன்று.
மூட்டைக்கு ஏது எதிர்ப்பக்கம்?
தேதிகளைப் பார்த்தேன்.
எல்லாம் வெள்ளி.

மைதானம் பற்றி ஒரே வரி:
'கழிவெண்ணெய், பீப்பாய் நான்கு, மணல் அடக்க.'
அவ்வளவுதான்.
மிச்சத்தை என் முழங்கால் சொன்னது.
எண்ணெய் குடித்து இறுகிய கரிய மணல்,
விழுந்தவன் எழுந்தால் பாதி ஆள் தார்.
மண்ணெண்ணெயால் தேய்த்துக் குளித்து
சனிக்கிழமை ஷிஃப்டுக்கு நின்றிருப்பார்கள்
எளிதில் தீப்பிடிக்கும் மனிதர்களாய்.

எதிரணி சில வாரம் சூடான் டிரைவர்கள்.
சில வாரம் அஸ்மாராவிலிருந்து வந்த
இத்தாலிய வெல்டர்கள்.
கோடுகளை நம்பினால்
வெல்டர்களிடம் நாம் ஜெயித்ததே இல்லை.

வேலிக்கு அந்தப்புறம் அமெரிக்கர்கள்.
அங்கே புல் உண்டு.
அங்கே வேறு பந்து, அதை அடிக்க ஒரு கட்டை.
இந்தப் பந்துக்கு அவர்கள் வைத்த பெயர் சாக்கர்.
அதையும் சிரிக்காமல் சொன்னவர்கள் குறைவு.

நான்காம் பக்கத்தில்தான் நின்றுபோனேன்.
'பிடித்தம்' என்று மேலே.
கமிசரி ஜன்னல் கண்ணாடி ஒன்று, ரியால் முப்பத்துமூன்று.
கீழே பெயர்கள், ஆளுக்கு மூன்று:
தங்கவயல் எத்திராஜ், ஃபிட்டர்.
சந்தியாகு பர்னாந்து. சீனி உதுமான்.
பெரிய குழந்தைவேலு, சின்னக் குழந்தைவேலு.
லூர்து. பீரான். அம்பலவாணன்.
கொழும்பு டயஸ்.
ஏடன் சாலிம், சமையல்.

அணிப் பட்டியல் வேறெதுவும் மிஞ்சவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை
யார் யார் ஓடினார்கள் என்பதை
அபராதம்தான் எழுதி வைத்திருக்கிறது.

பத்துப் பெயர். பத்து மூன்று முப்பது.
இரண்டு தடவை கூட்டினேன்,
எங்கள் தொழில் அப்படி.
மிச்ச மூன்று ரியால்
கடைசி வரியில், பெயரில்லாமல்:
'ரொக்கம், வரவு.'
எங்கள் சம்பளப் பட்டியலில்
இல்லாத ஒருவனின் மூன்று ரியால்.

தூத்துக்குடிக்காரரைக் கேட்டேன்.
அப்பா அதிகம் பேசமாட்டார் என்றார்.
ஒரே ஒரு தரம்,
பிரிங்க்மன் என்ற ஃபோர்மேனைப் பற்றி,
செயின்ட் லூயிஸ்காரனாம்.
அவன் ஊரில் செங்கல் சூளைப் பையன்கள்
ஞாயிறு பூசை முடிந்ததும்
இதே ஆட்டம்தான் ஆடுவார்களாம்,
சொந்த நாட்டாரே கேலி செய்ய.
'ஆள் நல்ல உயரம், குனிய மாட்டான்,
தரையோடு வந்தால் விட்டுவிடுவான்.'
அதைச் சொல்லி அப்பா சிரித்தாராம்.

குனிய மாட்டான் என்று
கோல்காவலனைத்தானே சொல்வார்கள்?

ஆனால் கணக்கெழுதுகிறவன்
ஊகத்தை வரவில் வைக்கக் கூடாது.
பதினொன்றாவது இடத்தில் கோடு மட்டும் போட்டேன்.
அந்த ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?
ஓரம் வெறுமை.
கண்ணாடிச் சத்தத்தோடு
எல்லோரும் ஓடியிருப்பார்கள்,
வேலிக்கு இந்தப் பக்கமாகவே, ஒருவன் உட்பட.

கோப்பை இருந்ததாகத் தகவல் இல்லை.
அந்த நான்காம் பக்கத்தையே
படமாக அனுப்பினேன், கறையோடு.
செயலாளர் போனில் சொன்னார்:
எல்லாம் சரி, தலைப்பை மட்டும் மாற்றுங்கள்,
பிடித்தம் என்றால்
பசங்களுக்குச் சம்பள நாள் ஞாபகம் வரும்.

வேறு எப்படிச் சொல்வது, தெரியவில்லை.
அப்படியே விட்டுவிட்டேன்.