பன்னிரண்டாம் கிலோமீட்டர்

கபிரி ம்போஷிக்கு வடக்கே
இரவு இரண்டு மணி.
செம்புத் தகடுகள் வரிசையில் நிற்கின்றன.
லாரிக்கு ஏழு அச்சு, ஓர் ஓட்டுநர், ஒரு கதை.
எடை மட்டும் என் பொறுப்பு.

ஐம்பத்தாறு டன் வரை சாலை தாங்கும்.
அதற்கு மேலே உள்ளதை
வேறு யாராவது தாங்கியாக வேண்டும்.

வானொலியில் அமைச்சர் பேசுகிறார்:
இந்த ஆண்டு வளர்ச்சி இத்தனை புள்ளி இத்தனை.
லுசாகாவில் நானும் பொருளாதாரம் படித்தேன்.
நிலம் இருந்தது, உழைப்பு இருந்தது, மூலதனம் இருந்தது.
"வேண்டாம்" என்ற சொல்லுக்கு
எந்தப் பாடத்திலும் ஒரு பத்திகூட இல்லை.

மார்ச்சில் ஒருமுறை
நானும் அதைச் சொல்லவில்லை.
நானூறு குவாச்சா.
மறுநாள் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள்.
அறுபத்தொரு டன்னை
ஐம்பத்தைந்து புள்ளி எட்டு என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்,
அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அக்டோபரில்
பன்னிரண்டாம் கிலோமீட்டரில் ஒரு பள்ளம்.
முதலில் ஆட்டுக்குட்டி படுக்கலாம் போல,
பிறகு ஆடு,
பிறகு ஒரு மினிபஸ் நிஜமாகவே படுத்துக்கொண்டது.
ஒரு லாரி பள்ளம் தோண்டாது என்பார்கள்.
சரிதான்.
எந்த லாரியும் தோண்டவில்லை.
பள்ளம் இருக்கிறது.

மாவு லாரிகள் சுற்றுவழி போயின.
சோளமாவு மூட்டைக்குப் பதினெட்டு குவாச்சா ஏறிற்று.
எனக்குக் கணக்கு வரும், அதுதான் தொல்லை.
மாதம் இரண்டு மூட்டை,
ஆண்டுக்கு நானூற்று முப்பத்திரண்டு.
முப்பத்திரண்டு குவாச்சா நட்டத்தில்
என்னை நானே விற்றிருக்கிறேன்.
என் தெருக்காரர்கள்
அந்த நானூறைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.
அவர்களும் கட்டுகிறார்கள்.

சிச்சோனே வந்தால் மட்டும்
எழுந்து வெளியே போய் நிற்பேன்.
நகோண்டேக்காரன், படிப்பு எட்டாம் வகுப்பு.
மேடை ஏறும்போது
ஒரு மூச்சு நேரம் பிரேக்கைத் தொடுவான்,
காற்றுப்பையை ஒரு விரலளவு தளர்த்துவான்,
இரண்டு டன் எங்கோ கரைந்துபோகும்.
அந்த மூளைக்கு
இந்த நாடு இன்னும் ஒரு நாற்காலி போடவில்லை.
அதனால் அது ஓட்டை தேடிப் போயிற்று.

இன்று சீட்டை வாங்கிப் பார்த்தான்.
ஐம்பத்தைந்து புள்ளி ஒன்பது.
தப்பித்தவன் முகம் சுளித்தான்.
"மேடம் முடின்டா, உங்கள் மேடை பொய் சொல்கிறது.
இன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை.
மேட்டில் மூன்றாவது கியர் அழுதது,
அதற்குத் தெரியும் எவ்வளவு என்று."

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மேடைக்கு அடியில் நுழைந்தான்.
வெளியே வந்தபோது
கையில் ஒரு ஜல்லிக்கல்.
விளிம்பில் இறுகிக்கொண்டு
பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமந்திருக்கிறது,
எத்தனை மாதமாகவோ.

மறுபடி ஏற்றினான்.
ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.
பெம்பாவில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
அபராதம் கட்டினான்.
ஏன் என்று கேட்டேன்.
"பொய்த் தராசை ஏமாற்றுவதில்
என்ன பெருமை இருக்கிறது?"

அவனை நல்லவன் என்று எழுதமாட்டேன்.
அடுத்த வாரம் பிரேக்கைத் தொடுவான்,
நான் எழுந்து வெளியே போவேன்.
ஆனால் அலுவலகத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம்,
ஆறு பேர் பட்டதாரிகள்.
ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

கல்லைக் கழுவி
அஞ்சல் தராசில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
இரண்டு டன்னுக்கு மேல் ஒளித்திருக்கிறது,
யாரிடமும் ஒரு காசு வாங்காமல்.

அமைச்சர் பேசி முடித்துப் பாட்டு போட்டுவிட்டார்கள்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால் வந்த எண்
ஏழா, ஒன்றா?
கவனிக்கவில்லை.

அடுத்த லாரி ஹார்ன் அடிக்கிறது.
வா.
மெதுவாக.
பிரேக்கிலிருந்து காலை எடு.