ஒரு டின் நெருப்பு

புதுவயல் ரைஸ்மில்லில்
சனிக்கிழமை ராத்திரி ஷிப்டுக்கு
ஐம்பது ரூபாய் கூடுதல்.
மூன்று வருடமாகப்
பாஸ்கா இரவை
அந்த ஐம்பதுக்கு விற்றுவந்தேன்.

கடவுளோடு சண்டை என்று சொன்னால்
கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.
சண்டையெல்லாம் இல்லை.
ஆறிப்போயிருந்தேன், அவ்வளவுதான்.
தட்டில் போட்டுவிட்டு
யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோக
அப்படியே கிடக்கும் சோறுபோல.

ஒரு காலத்தில்
தவக்கால வெள்ளிகளில்
சிலுவைப்பாதைக்கு என் குரல்தான் முன்னால் போகும்.
கண்டனூர் ரோட்டு டீக்கடையில்
ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்கள்
என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்தியில் திடீர்க் கோடைமழை.
களத்து நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு முடித்து
நிமிர்ந்தபோது மணி பத்தரை.
கேட்டைத் தட்டினார் வேதியர் மதலைமுத்து,
என்னைவிட நாலு வயது இளையவர்,
வேட்டியில் முழங்கால்வரை செம்மண்.
திட்டத்தான் வந்திருக்கிறார் என்று
உமி தள்ளும் கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றேன்.

"வெறகெல்லாம் நனைஞ்சுபோச்சு, சந்தியாகு.
மூணு தீப்பெட்டி காலி.
பொகையுதே தவிர பிடிக்க மாட்டேங்குது.
சனம் இருட்டுல நிக்குது.
ஒங்கிட்ட நெருப்பு இருக்கா?"

என்னிடம்.

கொதிகலன் கதவைத் திறந்தேன்.
உமித்தீயைப் பழகாதவர்
சாம்பல் என்றுதான் சொல்வார்.
சத்தம் இருக்காது, நாக்கு நீளாது.
கம்பியை விட்டுப் புரட்டினால்
அடியிலிருந்து சிவப்பு எழும்பி
முகத்தில் அறையும்.
எத்தனை ராத்திரி புரட்டியிருப்பேன்,
வேர்வையைத் துடைத்ததைத் தவிர
வேறொன்றும் நினைத்ததில்லை.

எட்டுக் கொட்டாங்கச்சிகளை உள்ளே தள்ளி
கனியவிட்டு
எண்ணெய் டின்னில் அள்ளினேன்.
"போய்ட்டு வா.
ஆவி கொறைஞ்சா ஊதல் போடுறேன்" என்றார்
கணக்குப்பிள்ளை சொக்கலிங்கம்.
"சாமிக்குன்னு கேட்டா இல்லேங்கக் கூடாது."

டின் கையைச் சுட்டது.
மூட்டை தூக்கும் கருப்பையா
தலைத்துண்டைச் சுற்றி வாங்கிக்கொண்டான்.
ரயில்வே கேட் தாண்டி ஓடினோம்.
ஓட ஓடச் சிவந்தது.
மூச்சு வாங்க நின்றால்
கறுத்தது.

தகரக்கூரைக் கோயில் வாசலில்
ஃபாதர் கைவிரித்து மந்திரித்தார்
மில்லு நெருப்பை.
எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.
"கிறிஸ்துவின் ஒளி இதோ."
பெரிய திரியிலிருந்து வேதியருக்கு,
அவரிடமிருந்து எனக்கு,
என்னிடமிருந்து
ஜெசிந்தா என்ற பல் விழுந்த பெண்ணுக்கு.
அவளிடம் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம்,
ஒரு காற்று,
என்னுடையது அணைந்துபோனது.
அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல்
மெழுகுவர்த்தியைச் சாய்த்தாள்:
"பிடிங்க மாமா."

நான் கொடுத்ததைத்தான் வாங்கினேன்.
நான் கொடுத்ததுபோல இல்லை அது.

நிலைப்படிக்கு வெளியே கருப்பையா.
"எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டியா?
டின்ன நான்தானே பிடிச்சேன்."
மிச்ச வர்த்தி இல்லை.
என்னுடையதை இரண்டாக ஒடித்தேன்.

ஊதல் கேட்டது.
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு
இரண்டு துண்டு வெளிச்சம் திரும்பி நடந்தது.
வழியில் கேட்டான்:
"அந்தாளு நெசமாவே எந்திரிச்சாரா?"

பழைய சந்தியாகு என்றால்
ஒரு மணி நேரம் பிரசங்கம்.
"ஆமா" என்றேன்.
எனக்கே சுட்டது அந்த வார்த்தை.
"எப்புடி?" என்றான்.

விடியும்வரை
உமி தள்ளிக்கொண்டே சொன்னேன்:
கல் புரண்டு கிடந்ததை,
தோட்டக்காரன் என்று ஒருத்தி நினைத்ததை,
கரையில் அவர் மீன் சுட்டு வைத்ததை.
"கரி நெருப்பா?" என்று நடுவில் கேட்டான்.
தொழில்காரன் கேள்வி.
கரி நெருப்புதான்.

அந்த வாரச் சம்பளத்தில்
சனி ராத்திரிக் கணக்கில்
ஐம்பது ரூபாய் பிடித்திருந்தார் சொக்கலிங்கம்.
சாமி வேறு, கணக்கு வேறு.
நான் கேட்கப் போகவில்லை.