காரணம் என்ற கட்டம்

நாகர்கோவில் ஆயுதக் கிடங்கில்
தாணுலிங்கம் இரண்டையும் மேசையில் வைத்தார்.
"புதுசு பாலிமர், மேடம். கனமே கிடையாது.
குளச்சல் உப்புக்காத்துக்கு
எஃகு மூணு மாசம் தாங்காது."

உண்மைதான்.
பழையதன் குழல்வாயில் தவிட்டுநிறத்தில் துரு.
என் இடுப்பெலும்பின்மேல் அதன் தழும்பு.

புதியதைப் பிடித்தேன்.
நொடியில் உள்ளங்கைச் சூட்டை வாங்கிக்கொண்டு
இன்னொரு விரலாகிவிட்டது.

முட்டம் கரையில், சுருக்குமடிச் சண்டையில்,
பதினோரு வருடத்தில் ஒரேயொருமுறை உருவினேன்.
எனக்கு உடம்பெல்லாம் கொதிப்பு.
எஃகு மட்டும் சில்லென்று இருந்தது.
எதிரே ஸ்டெல்லஸ், பத்தொன்பது வயது,
கையில் துடுப்பு.

இப்போதும் சந்தையில் எனக்கென்று
அயலைக்கு ஒரு ரூபாய் குறைக்கமாட்டான்.

பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
"பழக்கம்" என்றெழுதி
ஒரு குப்பி எண்ணெயும் கேட்டு வாங்கினேன்.