நூற்றிருபதும் ஒன்றும்

கதவைப் பூட்ட அதிபர் சம்மதிக்கவில்லை.
தீப்பிடித்தால், பெற்றோர் வந்தால், வலயத்திலிருந்து யாரும் வந்தால்
என்று மூன்று காரணம் சொன்னார்.
ஆகவே திறந்து கிடந்த கதவின் குறுக்கே
சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி
"இது பூட்டியிருக்கு" என்றேன்.
தரம் எட்டு ஏ நம்பியது,
முப்பத்தொரு பேரும்.
x என்றொன்று இருப்பதை
இன்னும் நம்பாத முப்பத்தொரு பேர்.

புறக்கோட்டையில் வாங்கிய நம்பர் பூட்டு நாலு,
பேரம் பேசி ஒன்று முந்நூறு ரூபாய்.
பிஸ்கட் டின்னுக்கு ஒன்று, மரப்பெட்டிக்கு ஒன்று,
யாரோ விட்டுப்போன பயணப்பைக்கு ஒன்று.
கடைசிப் பூட்டு என் சாப்பாட்டுப் பெட்டிக்கு.
நாடா வெட்டும் கத்தரிக்கோல் அதற்குள்.
நேரம் ஒரு பாடவேளை.

சர்பத்தும் தண்ணீரும் இரண்டுக்கு ஏழு:
சட்டென்று திறந்தார்கள்.
ஆட்டோ மீட்டர், முதல் கிலோமீற்றர் நூறு,
பிறகு தொண்ணூறு தொண்ணூறாய் ஏழுவரை:
கொஞ்சம் சண்டை பிடித்துத் திறந்தார்கள்.

ஜெனோஷன் கணக்குப் பக்கமே வரவில்லை.
மூன்றாம் பூட்டை மடியில் வைத்து
பூச்சியம் பூச்சியம் பூச்சியம்,
பூச்சியம் பூச்சியம் ஒன்று என்று
பெருவிரலால் உருட்டத் தொடங்கினான்.
ஹிமாஷினி அவன் விரலைப் பார்த்தாள், பிறகு மணிக்கூட்டை.
"ஒண்டுக்கு மூண்டு செக்கன். ஆயிரம் இருக்கு.
அம்பது நிமிஷம் வேணும். இருவத்தஞ்சுதான் மிச்சம்."
"அரைவாசி பாக்கலாம்தானே?"
"ஐந்தால் வகுபடுமாம், வாசிச்சியா? இருநூறுதான்.
பத்து நிமிஷம்."
அவன் விரல் நின்றது.
"இலக்கங்களைக் கூட்டினா நாலாம்."
கடைசி இலக்கம் ஐந்தாக முடியாது. அப்படியென்றால் பூச்சியம்.
மிச்சம் இரண்டும் சேர்ந்து நாலு.
ஆயிரம், அவன் மடியிலேயே
ஐந்தாகச் சுருங்கியது.
மூன்றாவது உருட்டலில் திறந்தது. நான் நினைத்திருந்த சமன்பாட்டை
ஒருவரும் எழுதவில்லை.

நாலாவது நான் பெருமைப்பட்டு வைத்தது.
காலிமுகத்திடலில் ஒரு பாதை, நானூற்றெண்பது மீற்றர்.
இந்த நுனியில் தொடங்கி அந்த நுனிவரை
நாலு மீற்றருக்கு ஒரு விளக்குக் கம்பம்.
மொத்தம் எத்தனை?

நுஸ்ரத் ஐந்து பேரை வரிசையாய் நிறுத்தினாள்.
நடுவில் புகுந்து புகுந்து நடந்தாள்.
"இடைவெளி நாலு. ஆள் அஞ்சு."
ஒன்று, இரண்டு, ஒன்று.
பூட்டு அசையவில்லை.

"திருப்பிச் செய்து பாருங்க" என்றேன்,
விடை தெரிந்தவளின் அந்தச் சிரிப்போடு.
திருப்பிச் செய்தார்கள். நூற்றிருபத்தொன்று.
தலைகீழாய் உருட்டினார்கள். உள்ளங்கையால் தட்டினார்கள்.
பக்கத்து வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொன்னார்கள்.
ஆறு நிமிடம்.

நுஸ்ரத் தாளை விட்டு என்னைப் பார்த்தாள்.
"எங்கட விடை சரி. அப்ப பூட்டுத்தான் பிழை.
பூட்டுக்கு நம்பர் வச்சது டீச்சர்.
டீச்சர் எங்க பிழை விட்டிருப்பா?"

முப்பத்தொரு பேரும் திரும்பி
என்னை வாசிக்கத் தொடங்கினார்கள்,
தரவு எது, தேவையற்றது எது என்று.
என் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"வகுத்திட்டு அப்பிடியே விட்டிருப்பா" என்றான் ஜெனோஷன்.
"முதல் கம்பத்த மறந்து."

ஒன்று. இரண்டு. பூச்சியம்.
க்ளிக்.

நாடா இடுப்பளவுதான்.
குனிந்தால் எவரும் எப்போதோ போயிருக்கலாம்.
ஒருவரும் குனியவில்லை.
வெட்டிவிட்டுத்தான் போனார்கள், கூச்சலோடு,
மணிக்கு இரண்டு நிமிடம் முன்னே.

பின்னேரம் நூறாம் நம்பர் பஸ்ஸில் யன்னலோரம்.
கடற்கரைக் கம்பங்களை எண்ணிப் பார்த்தேன்.
பதினேழில்தான் யோசித்தேன்,
எதிலிருந்து தொடங்கினேன் என்று.

நாளைக்கு எட்டு பீ.
பூட்டின் இலக்கத்தை மாற்ற ஒரு ஊசி போதும்.
ஊசி கைப்பையில் இருக்கிறது, பூட்டு மடியில்.
கொள்ளுப்பிட்டி போனது. பம்பலப்பிட்டியும் போனது.
ஒன்று இரண்டு பூச்சியம் என்றே
இன்னும் இருக்கிறது.