வரிசை நாற்பத்தொன்று

கொரோமாண்டல் ஆடை ஆலையில்
பன்னிரண்டு வாரம் நடந்த நலத்திட்டம் முடிந்து
ஆறு மாதமாகிறது.
கலந்துகொண்டவர்கள் அறுபத்திரண்டு பேர்.
ஆளுக்குப் பதினோரு கேள்வி.
உங்கள் பெயர் வெளியே தெரியாது என்று
முதலிலேயே சொல்லிவிடுவேன்;
சொன்னதுமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.
(இங்கேயும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போதும் என்றால்
யாரும் எண் சொல்வதில்லை.
"கோரெக்" என்கிறார்கள்.

முதுகுவலி? கோரெக்.
சர்க்கரை? கோரெக்.
சூப்பர்வைசரோடு? சற்று நின்று, கோரெக்.
கோரெக் என்பது மூன்றா, நான்கா?
பிழையில்லை என்றும் பொருள்,
பேச்சை முடி என்றும் பொருள்.
கிரியோலில் கேட்டு, பிரெஞ்சில் நிரப்புகிறேன்.
மிச்சப்படுவது
போ பாசேன் பேருந்தில் தமிழாகிறது.

தேவராசன் குர்பெனை அழைத்தது காலை பத்தே காலுக்கு.
ஏழாவது கேள்வி: உங்கள் உறக்கம் மேம்பட்டதா?
"மேம்பட்டுக்கொண்டுதான் இருந்தது,
நீங்கள் போன் அடிக்கும்வரை."
நைட் ஷிப்ட். சாயப் பிரிவு.
மன்னிப்புக் கேட்டேன்.
"எழுப்பியாயிற்று, மீதியையும் கேட்டுவிடுங்கள்."
கொட்டாவிக்கு நடுவே எல்லாவற்றுக்கும் ஐந்து.

ரெஹானா, விடுதி இரண்டாம் மாடி,
மூச்சுப் பயிற்சியை விடவில்லையாம்.
டாக்காவுக்குப் பணம் அனுப்பும் கியூவில் நின்றபடி.
கியூ நீளமென்றால் இரண்டு சுற்று.

ழோசியான் என்னை முடிக்கவே விடவில்லை:
"யோகாவில் குனியச் சொன்னார்கள்.
எட்டு மணி நேரமும் குனிந்துதானே இருக்கிறேன்?
வெட்டு மேசையை நாலு விரற்கடை
உயர்த்தச் சொல்லி எழுது."
எழுதினேன். கட்டத்தில் இருநூறு எழுத்துதான் அடங்கும்.
மேசை ஏறிக்கொண்டது,
விரற்கடை வெளியே நின்றுவிட்டது.

நாற்பத்தொன்றாவது ஆள் விசாலாச்சி ராமென்.
காஜா எடுக்கும் மெஷின், பதினேழு வருடம்.
எந்தப் பயிற்சி உங்களுக்கு அதிகம் பயன்பட்டது?
"பயிற்சியா? நான் எதையும் செய்யவில்லையே.
பாயில் சும்மா படுத்திருந்தேன்.
அந்த அரை மணிக்கு மெஷின்களை நிறுத்தினார்கள் இல்லையா,
அப்போது மழை பெய்தது.
தகரத்தில்.
எங்கள் கூரை இப்படிச் சத்தம் போடும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்."

படிவத்தில் யோகா உண்டு, உணவுமுறை உண்டு,
ஆலோசகருடன் தனிப்பேச்சு உண்டு.
'மற்றவை'யில் குறியிட்டு
மழை என்று எழுதினேன்.

அடுத்ததை அச்சிட்டபடியே கேட்டேன்:
அந்தப் பயனை இன்னமும் உணர்கிறீர்களா?
பேச்சில்லை. பின்னால் யாரோ
பிரஷர் குக்கரை இறக்கும் ஓசை.
"பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிட்டார்களே.
இப்போதெல்லாம் வேலை விட்டு வாசலுக்கு வந்தால்
அடுத்த ஷிப்ட்காரர்கள் குடையை உதறிக்கொண்டிருப்பார்கள்.
ஓகோ, பெய்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்."

நிறைவடைந்தோர் எண்பத்தாறு விழுக்காடு.
அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாள்
தலைமை அலுவலகத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்:
வரிசை நாற்பத்தொன்றில் தட்டச்சுப் பிழை உள்ளது,
சரிபார்த்து அனுப்பவும்.

சரிபார்த்தேன்.
கோரெக், என்று பதில் போட்டேன்.