மூன்றாவது பொத்தான்

மெயின் வீதிக் கடையில் பதினொரு வருசமாக
லோர்டன் சேட்டை நான்தான் விற்கிறேன்.
ஆளைக் கண்டதும் கொலர் அளவு சொல்வேன்.
வங்கிக்காரர் பதினைந்தரை.
கச்சேரிக்குப் புதிதாக வந்தவர் பதினான்கு,
பென்சனுக்குள் பதினாறாகிவிடுவார்.
மாப்பிள்ளைமார் எப்போதும்
ஓரளவு குறைத்துத்தான் கேட்பார்கள்.

பிறகு யாரும் கேட்கவில்லை.
பெடியள் போனை நீட்டிக் காட்டும் பெயர்களில்
லோர்டன் இல்லை.
பெட்டியின் கண்ணாடித்தாள் மஞ்சளாகி
உள்ளே கிடந்த வெள்ளைக்கும் தொற்றியது.

முதலில் லோகோவை மாற்றினார்கள்.
பொக்கற்றில் துள்ளிய மயில்மீன்
செட்டை போய், கண் போய்,
ஒற்றைக் கோடாக வந்து இறங்கியது.
"சதையைத் திண்டுபோட்டு முள்ளை அனுப்பியிருக்கிறாங்கள்"
என்றான் முதலாளிக்கு மீன் கொண்டுவந்த கிறகோரி.

அடுத்த வருசம் பெயரில் கைவைத்தார்கள்.
இங்கிலீசு எழுத்தில் உயிரை எல்லாம் எடுத்துவிட்டு
மெய்யை மட்டும் வைத்தார்கள்.
வாசித்துப் பார்த்தேன், விக்கல் வந்தது.

அதற்கும் அடுத்த வருசம் ஒரு கிரிக்கெட்காரர்.
அவருக்கு அந்த மாதமே முழங்கால் போனது.

இந்த முறை உண்மை வேண்டுமாம்.
குளிரூட்டிய வான் ஒன்றில் எட்டுப் பேர்,
மூன்று குடை, சேட்டை அழுத்த ஒரு நீராவிப் பெட்டி.
அளவு பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள்
டச்பே கடற்கரைக்கு.
மொடல் பெடியனின் நெற்றியில்
போத்தலால் வியர்வை அடித்தார்கள்.
ரொமேஷ் என்பவர் "உப்பு, உழைப்பு, கிழக்கு" என்றார்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
விலைத்துண்டை மென்று பார்த்துத் துப்பியது.

அப்போதுதான் கிறகோரி படகிழுத்துக்கொண்டு வந்தான்.
அவன் போட்டிருந்ததும் லோர்டன்.
கலியாணத்துக்கு எடுத்தது, எனக்கு முந்தி நின்ற ஆள் விற்றது.
வலது தோளில் கயிறு தின்ற இடம்
தோல் தெரிய மெலிந்திருந்தது.
முதுகில் உப்பு, ஒரு குடாவின் வளைவில்.
மூன்றாவது பொத்தான் பச்சை,
மனுசியின் சட்டையிலிருந்து வந்தது.

கமரா திரும்பியது. குடையும் திரும்பியது.
மொடல் பெடியன் தன் வியர்வையைத் தானே துடைத்தான்.
"கழட்டித் தாங்க அண்ண, ரெண்டு புதுசு தாறம்."
"உள்ள பெனியன் இல்லையே தம்பி."
எல்லாரும் சிரித்தோம்.
அவன் கழட்டினான்.

எட்டு மாதத்தில் ஆறு டசின் வந்தது.
பெட்டியை வெட்டித் திறந்து ஒன்றை விரித்தேன்.
வலது தோள் மெலிந்திருந்தது.
இன்னொன்றை விரித்தேன். அதே தோள்.
முதுகில் அதே குடா, அதே வளைவில், உப்பில்லாமல்.
எழுபத்திரண்டு பச்சைப் பொத்தான்.
விலை எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

பொய் சொல்லமாட்டேன், விற்கிறது.
உப்புவெளியிலிருந்து வெள்ளைக்காரர் வந்து கேட்கிறார்கள்,
கச்சேரிக்காரரின் மகன் ரெண்டு எடுத்தான்.
முதலாளிக்கு ஏசி போடும் யோசனை வந்திருக்கிறது.

மகளின் முதல் நன்மைக்கு உடுப்பெடுக்க
பாலையூற்றிலிருந்து கிறகோரி வந்தான்.
கொழும்பார் தந்த ரெண்டும்
முதல் கழுவையிலேயே கோடு அழிந்து சுருங்கிப் போச்சுதாம்.
தொங்கலில் இருந்த ஒன்றை எடுத்து
மெலிந்த தோளைத் தடவிப் பார்த்தான்.
"ஆர் இழுத்த கயிறு இது?"
நான் விலைத்துண்டை உள்ளங்கையால் மறைத்தேன்.
"கிழியாத ஒண்டு இல்லையே பிள்ளை?
கோயிலுக்குப் போடோணும்."

ஏணி வைத்து மேல்தட்டில் தேடினேன்.
பதினைந்தரை, ஒன்றே ஒன்று,
மஞ்சள் தாளுக்குள் மயில்மீன் துள்ளிக்கொண்டிருந்தது.
விரித்து வைத்ததும் அவன் விரல்
நேரே மூன்றாவது பொத்தானுக்குப் போனது.
வெள்ளை.
சரியெண்டு தலையாட்டினான்.

பழைய துண்டில் ஆயிரத்து நூறு என்றிருந்தது.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
ஆயிரத்து நூறுக்கே பில் போட்டேன்.