கேட் போட்டிருக்கிறது

போளூருக்கு ரயிலா பஸ்ஸா என்று
ஞாயிறு ராத்திரி எழுந்த பேச்சு
திங்கட்கிழமை இட்லிமாவு தீரும்வரை ஓயவில்லை.

முனிரத்தினம் ரயில் கட்சி.
எந்த வண்டி எங்கே நின்று
எதற்கு வழிவிடும் என்பதெல்லாம் மனப்பாடம்.
கேஸ் புக் பண்ணிய தேதி கேட்டால் விழிப்பார்.
"கக்கூஸ் கீது, காத்து கீது, காசு பாதிதான்."
நேரம்? என்றேன்.
"அதுவும் கீது" என்றார்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.

நான் பஸ்.
கை நீட்டினால் நிற்கிற எதன்மேலும்
எனக்கொரு மரியாதை.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் காசில்லை;
வெளியூர் வண்டியில் ஏறினால்
அந்தச் சலுகை படியோடு இறங்கிக்கொள்ளும்.
இறங்கட்டும்.

பதினொரு மணிக்குப் பத்திர ஆபீஸ்.
இரண்டு பேர் பெயரிலும் வாங்கிய மூணே முக்கால் சென்ட்.
கைமாற இரண்டு பெருவிரலும் வேண்டும்.
அவர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தார்.
நான் பஸ் ஸ்டாண்டுக்கு.
இருபத்து மூன்று வருஷத்தில்
தனித்தனியாக ஓர் ஊருக்கே போனது அன்றைக்குத்தான்.

அடுக்கம்பாறையில் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஏறியது.
கம்பியைப் பிடிக்கக் கை போதாத ஒருத்தி
கேட்காமலே என் மடியில்
எக்ஸ்ரே உறையை வைத்தாள்.
வெயிலில் தூக்கிப் பார்த்தேன்:
யாருடையதோ முழங்கை,
நூல்போல ஒரு விரிசல்.
"எம் மாமியார்து" என்றாள்,
கொஞ்சம் சந்தோஷமாகவே.

கண்ணமங்கலம் தாண்டிக் கேட் போட்டிருந்தது.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
அணைத்தபிறகுதான் தெரிந்தது
அவ்வளவு நேரம் எவ்வளவு சத்தத்தில் இருந்தோம் என்று.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன்
கேட் சாத்துவதற்கென்றே பிறந்தவன்போல
ஜன்னல் ஜன்னலாக வந்தான்.

அப்புறம் ரயில்.
பெட்டி பெட்டியாகத் தேடினேன்.
நாலாவதில், வாசற்படியில்,
கட்டம் போட்ட அந்தச் சட்டை.
உட்கார இடம் கிடைக்கவில்லை;
தோளில் யார் வீட்டுக் குழந்தையோ தூங்குகிறது.
கை காட்டினேன். பார்க்கவில்லை.
ரயிலில் போகிறவர்கள்
கேட்டில் நிற்கிறவர்களை
மரமாகத்தான் பார்ப்பார்கள் போல.

போன் போட்டேன்.
"எங்க கீற?"
உங்க பின்னாடி.
"தோத்துட்ட" என்றார், குழந்தை எழாத குரலில்.

முக்கால் மணி கழித்து அவரே கூப்பிட்டார்.
"ஆரணி ரோடு. எதிர்வண்டிக்காக நிறுத்திட்டான்."
ஆரணியா?
"ஆரணி எங்கியோ கீது. இங்க பேருதான்."

பத்து ஐம்பதுக்கு நான் ஆபீஸ் படியேறினேன்.
ரைட்டர் நிமிரவே இல்லை:
"ஒத்த விரலுக்கு மெஷின் தொறக்காது, உக்காரும்மா."
ஜெயித்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
பதினொன்றே முக்காலுக்கு அவர் வந்தார்,
தோளில் பால் வாசனையோடு.
ரைட்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

விரல் வைத்தோம். மனை போயிற்று.
கடன் அடைந்தது, அநேகமாக.

வெளியே வாங்கினவர் கார்க் கதவைத் திறந்து
"வேலூர்தானே, நானே கொண்டாந்து உட்டுடறேன்" என்றார்.
வேணாம் என்றோம்
ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

பிறகு வெயிலில் நடந்தோம்.
இடதில் திரும்பினால் ஸ்டேஷன்,
நேரே போனால் பஸ் ஸ்டாண்ட்.
அந்த முக்கு வரும்வரை
யாரும் வாயைத் திறக்கவில்லை.